அம்மா கீரை கடைந்த நாள்

எனக்கு அந்தக் கிழமை காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்திருக்காவிட்டால் இதைச் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் மிஞ்சியிருக்குமோ தெரியாது. அன்றைக்கோ அந்தக் காய்ச்சலை நான் மனதுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாருடைய சாப்பாட்டுக் கோப்பையிலும் கீரை இருந்தது. என்னுடைய கோப்பையில் வெறும் கஞ்சி.

தர்மபுரத்துக்கு அருகே, குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் காணி கிடைத்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தில் குத்தகைத் துண்டில் மிளகாய் நட்டுக் களைத்துப்போயிருந்த ஐயாவுக்கு அரசாங்கம் வயற்காணி ஒன்றும், வீடு கட்டி இருக்க மேட்டுக்காணி ஒன்றும் கொடுத்தது. ஐயாவைப் பொறுத்தவரை வயல்தான் காணி. மேட்டுக்காணி அம்மாவின் ராச்சியம். காடு வெட்டிய மண்ணில் வேர்க்கட்டைகளைக் கிளப்பி, கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து, ஊரிலிருந்து சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த விதைகளை அவர் அங்கே முளைக்கவைத்தார். கத்தரி, வெண்டி, பாவல், பந்தலில் பயிற்றை, வேலியோரம் பூசணி, குசினிக்குப் பின்னால் கீரைப்பாத்தி. கடையில் மரக்கறி வாங்குவது அம்மாவுக்கு மானப் பிரச்சினை. கறிக்கு ஒன்றுமில்லாத நாட்களில் நாங்கள் சம்பலோடு சோறு தின்றோமே தவிர, இன்னொருவர் தோட்டத்துக் கத்தரிக்காய் எங்கள் படலைக்குள் வந்ததில்லை.

இன்னொருவர் என்றால் பக்கத்துக் காணி மாமி. எங்களுக்கு உறவில்லை, குடியேறியபோது அப்படிக் கூப்பிடப் பழகியிருந்தோம். அவருடைய மாடுகள் ஒருமுறை வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து அம்மாவின் கத்தரி முழுவதையும் மேய்ந்துவிட்டன. ஐயா ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டுபோய் ஊர்த்தலைவரான விதானையாரின் வளவில் கட்டினார். மாமியின் புருசன் வந்து படலையில் நின்று பேசிய பேச்சுக்களை அம்மா எங்கள் காதைப் பொத்திக் கேட்கவிடவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. வேலி இடைவெளியில் நாங்கள் நுழைந்து போய்வந்த பொட்டை ஐயா முள்ளால் அடைத்தார். மாமிக்கும் எங்கள் வீட்டில் உறவுமுறை இல்லாமல் போயிற்று. தவிர்க்க முடியாமல் பேச்சில் வந்தால் "வேலிக்கு அங்காலை" என்பார்கள். அவ்வளவுதான்.

எங்களோடு சின்னம்மாவும் இருந்தார். அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்தில் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர், முந்தின வருடம் ஒருநாள் திடீரென்று ஐயாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். உடம்பு தேற இடம் மாறி இருப்பது நல்லது என்று வைத்தியர் சொன்னதாக எனக்குச் சொல்லப்பட்டது. மலேரியாவுக்குப் பேர்போன காட்டுக்கு ஒருவர் உடம்பு தேற வருவது விசித்திரம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தலைபின்ன ஒரு ஆள் வந்ததே பெரிய சந்தோசம். சின்னம்மா அதிகம் கதைக்கமாட்டார். தம்பியை மட்டும் தூக்கவேமாட்டார். தம்பிக்கு அப்போது மூன்று வயது. கொழுகொழுவென்று, எவர் கையிலும் தாவுகிற பிள்ளை. அவன் கையை நீட்டினால் சின்னம்மா ஏதாவது வேலையைச் சாட்டி எழும்பிப் போய்விடுவார்.

அன்றைக்குத் தை மாதத்துக் காலை. வயல்களில் அறுத்த நெல்லுக்குச் சூடு மிதிப்பு நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் எல்லாரும் களத்தில். மாரி மழையில் தோட்டம் கண்மண் தெரியாமல் பச்சை பிடித்திருந்தது. விதைத்ததும் முளைத்தது, விதைக்காததும் முளைத்தது. அம்மாவுக்கு நெல் அவிக்கிற வேலை இருந்ததால் கீரை பிடுங்கச் சின்னம்மாவை அனுப்பினார். சின்னம்மா சுளகு நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அம்மா பார்த்துத் தெரிந்தெடுக்க நேரமில்லாமல் அரிந்து, பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டு அவித்து, மத்தால் கடைந்து, தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப்புளியும் விட்டு இறக்கினார். கடைந்துவிட்டால் எந்த இலை என்ன இலை என்று எவருக்குத் தெரியும்.

ஐயா களத்திலிருந்து சாப்பிட வந்தார். ஐயாவுக்கும் தம்பிக்கும் அம்மா முதலில் போட்டார், பிறகு சின்னம்மாவுக்கு. அந்தக் கீரையின் மணம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பல நாட்களாகக் கஞ்சி குடித்து நாக்குச் செத்துப்போயிருந்த எனக்கு ஒரு விரல் நக்கினால் போதும் போலிருந்தது.

"கொஞ்சம் கைக்குது," என்றார் ஐயா.

"மாரித் தண்ணி குடிச்ச கீரை அப்பிடித்தான் இருக்கும்," என்றார் அம்மா.

நான் என் கோப்பையை நீட்டினேன். அம்மா அகப்பையை எடுத்துக்கொண்டார். "வயிறு தேறட்டும். நாளைக்குத் தாறன், பிள்ளை." நான் அழுதேன். பலிக்கவில்லை. கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் விறகு அட்டிக்குப் பின்னால் கோபமாகக் குந்தியிருந்தேன். எவராவது சமாதானம் செய்ய வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தம்பி சிரிக்கிற சத்தம் கேட்டது. அது அவனுடைய சிரிப்பு மாதிரி இல்லை. எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் நின்று காற்றில் எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். முகம் நெருப்பாய்ச் சிவந்திருந்தது. நான் கிட்டப் போனதும் "தண்ணி" என்றான். குடத்தடிக்குக் கூட்டிப்போய்ச் செம்பில் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திரும்பவும் "தண்ணி" என்றான். அவனுடைய கண்ணில் கருமணி மட்டும் இருந்தது. மற்ற நிறத்தைக் காணவில்லை.

ஐயா வீட்டு வாசலில் நின்று கண்ணைக் கசக்கினார். "ஏன் இருட்டுது? மழை வருதோ?" என்று கேட்டார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பிறகு அவர் தோட்டத்துப் பக்கம் காது கொடுத்தார். "சத்தம் போடாதையுங்கோ. யானை நிக்குது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கோடாலியை எடுத்தார்.

எங்கள் பக்கத்தில் யானை வருவது புதினமில்லை. நான் உண்மையாகவே யானையைத் தேடினேன். பயிற்றைப் பந்தல்தான் நின்றது. ஐயா காலை அகட்டி அகட்டி, குடித்தவரைப் போல நடந்துபோய் அந்தப் பந்தலைக் கொத்தத் தொடங்கினார். ஐயா கள்ளைத் தொடாதவர். பந்தல் சரிந்தது. அடுத்ததாகப் பாவல் கொடியைக் கொத்தினார். வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் யானையோடு மரியாதையாகக் கதைத்தார். "போங்கோ பெரியவர், பிள்ளையள் இருக்குதுகள், போங்கோ."

நான் அம்மாவிடம் ஓடினேன். அம்மா எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவர். அன்றும் எல்லாருக்கும் பிறகு சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிட்டிருந்தார். அதனால்தான் அவருக்கு இன்னும் கொஞ்சம் நினைவு மிச்சமிருந்தது. குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

"பிள்ளை, கிட்ட வா. எனக்குக் கண் மங்குது. எல்லாருக்கும் என்னவோ நடந்திட்டுது. எனக்கும் வருகுது." என் தோளை அவர் பிடித்த பிடி நொந்தது. "நான் சொல்றதைக் கேள். தம்பியைக் கிணத்தடிக்கு விடாதை. நான் என்ன சொன்னாலும் விடாதை. கேட்டதோ? நான் சொன்னாலும்."

"ஓம் அம்மா," என்றேன்.

எங்கள் கிணற்றுக்கு அப்போது கட்டு இல்லை. வாயைச் சுற்றி மரக்குற்றிகள் போட்டிருந்தது, அவ்வளவுதான். மாரி முடிந்த காலம், தண்ணீர் மேலே மிதந்து நின்றது.

நான் போய்த் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அவன் உடம்பு சுட்டது. திரும்பிப் பார்த்தபோது அம்மா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல வடிவான சிரிப்பு. கலியாண வீட்டுக்குப் போகிற நாளில் சிரிப்பதைப் போல.

"தம்பியைக் கொண்டு வா, ராசாத்தி. முழுக வாக்கவேணும். நேரம் போகுது."

நான் பின்னுக்கு நகர்ந்தேன்.

"கிணத்தடியிலை எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். கொண்டு வா."

அம்மா சொல்லி நான் செய்யாத காரியம் அதுவரை ஒன்றுமில்லை. செய்யாவிட்டால் ஈர்க்கு இருக்கிறது, அடி விழும். ஆனால் அதே அம்மாதான் கேட்காதே என்றும் சொன்னவர். எந்த அம்மாவின் பேச்சைக் கேட்பது என்று எனக்குப் புரியவில்லை. அவர் சுவரை விட்டுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி என்னை நோக்கி வந்தார். தம்பி அவரைக் கண்டு கையை நீட்டித் தாவினான். நான் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வெளியே ஒழுங்கைப் பக்கம் போக வழியில்லை. படலைக்கும் எனக்கும் நடுவில் ஐயா கோடாலியோடு நின்றார். மிச்சமிருந்தது வேலி.

அடைத்திருந்த பொட்டில் முள்ளைக் காலால் மிதித்துக் கீழே அமத்தி, தம்பியின் தலையை என் நெஞ்சோடு பொத்திக்கொண்டு முதுகால் தள்ளி நுழைந்தேன். சட்டை கிழிந்தது. முதுகும் கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. பின்னால் அம்மாவின் குரல் கெஞ்சிக்கொண்டே வந்தது. கோபித்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திராது.

மாமி மாட்டுப்பட்டியில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். "ஆர் உன்னைப் பொட்டுக்குள்ளாலை வரச்சொன்னது? கொப்பருக்குத் தெரியுமோ?"

நான் தம்பியின் முகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். மாமி சாணக் கையோடு கிட்ட வந்து அவன் கண்ணைப் பார்த்தார்.

"இவனுக்கு எப்ப தொடக்கம் இப்பிடி?"

"எல்லாருக்கும். அம்மா கிணத்தடிக்குப் போறா."

மாமி கூடையைப் போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். பருத்த உடம்பு. மூச்சு வாங்கும். அந்த முள்ளுப் பொட்டைக் கையால் பிய்த்து எறிந்துவிட்டு நுழைந்தார். நான் தம்பியோடு பின்னால் போனேன். அம்மா கிணற்றுக் குற்றியில் ஒரு காலை வைத்துக் குனிந்து, இல்லாத கயிற்றால் இல்லாத வாளியை இறக்கிக்கொண்டிருந்தார். மாமி சத்தம் போடவில்லை. பின்னால் போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் மண்ணில் விழுத்தினார். இருவரும் விழுந்தார்கள். அம்மா அவர் கையைக் கடித்தார். மாமி விடவில்லை. தன் சீலைத் தலைப்பைக் கிழித்து அம்மாவின் கையை முருங்கை மரத்தோடு கட்டிவிட்டுத்தான், வயற்பக்கம் திரும்பி, குரல் உடைகிற மட்டும் கூப்பிட்டார்.

வாய்க்கால் கரையால் வந்துகொண்டிருந்த இரண்டு ஆண்கள் ஓடிவந்தார்கள். ஐயாவைக் கண்டதும் அவர்கள் வேலியோரம் நின்றுவிட்டார்கள். ஐயா இப்போது கத்தரிகளுக்கு நடுவில் நின்று கோடாலியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"உது பேய்க் குணம்," என்றார் ஒருவர். "குடும்பத்தோடை பிடிச்சிருக்கு. வைரவர் கோயிலுக்குக் கொண்டுபோவம்."

மற்றவர் மாமியைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. "ஆரேன் செய்வினை செய்தாலும் இப்பிடி நடக்கும்," என்றார். அவர் சொன்ன விதத்தில் மாமியின் முகம் ஒரு கணம் கறுத்தது.

"முதல் கோடாலியைப் பறியுங்கோ. பிறகு பேயைப் பாப்பம்," என்றார் மாமி. அவர்கள் சாக்கை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்தாலும் ஐயாவை அணுகினார்கள். மாமி என் பக்கம் திரும்பினார். "சின்னம்மா எங்கை?"

சின்னம்மாவை நான் மறந்தே போயிருந்தேன்.

அவர் வீட்டுக்குள்ளே, மரக்கறி போட்டுவைக்கிற மூலையில், சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். முதல்நாள் அம்மா கொடியிலிருந்து ஆய்ந்து வைத்த பூசணிக்காய் ஒன்று அவர் மடியில் இருந்தது. சீலைத் தலைப்பால் அதைப் போர்த்தி, ஒரு கையால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஐயாவைப் போலச் சத்தமில்லை, அம்மாவைப் போலச் சிரிப்பில்லை. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"அழாதை ராசா," என்றார் பூசணிக்காயிடம். "பசிக்குதோ? இந்தா, இந்தா."

மாமி வாசலில் நின்றுவிட்டார்.

சின்னம்மா நிமிர்ந்து மாமியைப் பார்த்தார். மாமி என்று தெரிந்து பார்க்கவில்லை. பூசணிக்காயை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார். "இந்தமுறை தரமாட்டன், அக்கா. ஒருக்காக் கொண்டுபோனியள், போதும். முகத்தைக்கூடப் பாக்கவிடேல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நான் எங்கையாவது போயிடுறன். பிள்ளையை மட்டும் தந்திடுங்கோ."

நான் மாமியின் சீலையைப் பிடித்து இழுத்தேன். "அது பூசணிக்காய் எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

மாமி திரும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வெளியே அந்த ஆண்கள் ஐயாவோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டது. மாமி சின்னம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "ஒருத்தரும் எடுக்கமாட்டினம், மோனை. நீ வைச்சிரு," என்றார். ஒரு பூசணிக்காய்க்காக இவ்வளவு கதையா என்று எனக்கு இருந்தது.

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ என்ன சாப்பிட்டனி?"

"கஞ்சி."

"அவை?"

"சோறும் கீரையும். எனக்குத் தரேல்லை," என்றேன். அந்த நேரத்திலும் அந்த முறைப்பாடு எனக்குத் தீரவில்லை.

மாமி எழுந்து குசினிக்குப் போனார். சட்டியை மணந்து பார்த்தார். அடுப்படிக் கூடைக்குள் கிடந்த கீரைக் கழிவைக் கொட்டிக் கிளறினார். முளைக்கீரைத் தண்டுகளுக்கு நடுவில் ஊதா ஓடிய தடித்த தண்டுகள் சில கிடந்தன. ஒன்றை எடுத்துக் கசக்கி மணந்தார். பின்பக்கம் போய்க் கீரைப்பாத்தியைப் பார்த்தார். பாத்தியின் வேலியோரத்துக் கரையில் கிள்ளிய குருத்துகளோடு சில செடிகள் நின்றன. அதே செடி, பெரிதாக, வெள்ளைப் பூவோடு, வேலிக்கு அப்பால் மாமியின் மாட்டுப்பட்டியைச் சுற்றி நின்றது.

அந்த இடத்தில் மாமி பேசாமல் இருந்திருக்கலாம். பேய் என்றே எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பகை என்று குடியேற்றத் திட்டம் முழுவதற்கும் தெரியும். மாமி அந்தத் தண்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

"பேயுமில்லை, செய்வினையுமில்லை. ஊமத்தை. கீரையோடை ஊமத்தை சேர்ந்திட்டுது."

ஐயாவைச் சாக்கால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்தார். "உன்ரை பட்டியடியிலை நிக்கிறதுதானே உது?"

"ஓம். என்ரை வளவாலைதான் விதை வந்திருக்கும். அதுக்கு என்னைப் பிறகு கேளுங்கோ. இப்ப சின்னவன் செத்துப்போவான்." என் கையிலிருந்து தம்பியை வாங்கிக்கொண்டார். அவன் இப்போது சிரிக்கவில்லை. தலை தொங்கியது. "பிள்ளை, நீ றோட்டுக்கு ஓடு. பூசணிக்காய் ஏத்துற லொறி இண்டைக்கு வாற நாள். வேறை எது வந்தாலும் மறி. நடுறோட்டிலை நில்."

நான் ஓடினேன். முல்லைத்தீவு வீதிக்கு எங்கள் ஒழுங்கை நீளம். காய்ச்சலால் கால் பஞ்சாயிருந்தது. வழியில் இரண்டு தடவை குந்தி ஓங்காளித்தேன். வீதியில் ஒன்றுமே இல்லை. வெயிலும் காடும்தான். நடுவில் நின்றேன். காத்திருந்த அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அம்மா எந்த அம்மாவாகத் திரும்பி வருவார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

லொறி முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்தது. மரக்கறி ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோகிற முஸ்லிம் நானாவின் லொறி. அம்மாவிடமும் பூசணிக்காய் வாங்குகிறவர். கோன் அடித்தார். நான் விலகவில்லை. என் காலடியில் வந்து நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார். "என்ன மகள், சாகப்போறியா?"

"எல்லாரும் சாகப்போகினம்," என்றேன்.

அவர் என்னைத் தூக்கிப் பக்கத்தில் இருத்தி ஒழுங்கைக்குள் லொறியைத் திருப்பினார். எங்கள் படலையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, ஏற்றியிருந்த மூட்டைகளைத் தானே தள்ளி விழுத்தி இடம் செய்தார். ஐயாவைக் கட்டியபடியே தூக்கிப் போட்டார்கள். அம்மாவை இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். சின்னம்மா பூசணிக்காயோடுதான் வந்தார். "அதைப் பறிச்சுப் போடுங்கோ, ஏறேலாமல் கிடக்கு," என்றார் ஒருவர். "அது கிடக்கட்டும்," என்று மாமி அவரைத் தள்ளிவிட்டுத் தானே சின்னம்மாவைக் காயோடு சேர்த்துத் தூக்கி ஏற்றினார். சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் மாமி உரத்த குரலில் தேவாரம் படித்தார். மாமிக்குப் பாட வராது. அந்த நேரத்தில் ஏன் பாடுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கிளிநொச்சி ஆசுபத்திரி விறாந்தையில் மாமியும் நானும் இருந்தோம். உள்ளே தம்பிக்கு மூக்கால் குழாய் விட்டிருந்தார்கள். மாமியின் கையில் அம்மா கடித்த இடம் வீங்கியிருந்தது. என் முதுகு முள்ளை ஒவ்வொன்றாக அவர் பிடுங்கினார். ஒரு தாதி வெளியே வந்தபோதெல்லாம் மாமி எழுந்து நின்றார். ஒருமுறை அவள் பேசாமல் போய்விட்டாள். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அப்படியே நின்றார். "அவனுக்கு ஒண்டெண்டால் கொப்பருக்கு நான் என்ன சொல்லுவன்," என்று முணுமுணுத்தார். பொழுது சாய்கிற நேரம் தாதி திரும்பி வந்து, சின்னவன் கண் விழித்து அம்மாவைக் கேட்டு அழுகிறான் என்றாள். மாமி நிலத்தில் குந்தி முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லாரும் பிழைத்தார்கள். சொன்னது செய்தது ஒன்றும் அவர்களுக்கு நினைவிருக்கவில்லை. ஐயா வீட்டுக்கு வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டு, எந்த மாடு மேய்ந்தது என்று கேட்டார். நீங்கள்தான் என்று எவரும் சொல்லத் துணியவில்லை. பிறகு ஒருநாள் காலையில் மண்வெட்டியோடு வேலிக்கு அங்காலே போனார். மாமியின் புருசனும் அவரும் ஒரு வார்த்தை பேசாமல் பட்டியைச் சுற்றி நின்ற ஊமத்தை முழுவதையும் கிளப்பி எரித்தார்கள். பொட்டை அவர் திரும்ப அடைக்கவில்லை.

அம்மாதான் அமைதியில்லாமல் இருந்தார். ஒரு மத்தியானம் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். "சின்னம்மா அண்டைக்கு என்னவும் கதைச்சவவோ?"

நான் பூசணிக்காயைச் சொன்னேன். சிரிக்க வைக்கலாம் என்று தாலாட்டியதையும் நடித்துக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. முகத்தில் இரத்தமே இல்லை.

"ஆர் ஆர் கேட்டது?"

"நானும் மாமியும்."

அம்மா மரக்குற்றியில் இருந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, இதை ஒருவருக்கும், சின்னம்மாவுக்கும்கூட, சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். ஒரு பூசணிக்காய் விசயத்துக்குச் சத்தியமா என்று நினைத்துக்கொண்டே செய்தேன். அதன் பிறகு வந்த மாதங்களில் கடைக்கோ கோயிலுக்கோ போய்வந்தால் அம்மா என்னிடம், அங்கே எவர் என்ன கதைத்தார்கள் என்று விசாரிப்பார். ஒன்றுமில்லை என்பேன். நம்பமாட்டார். மாமி பொட்டால் வந்தால் அம்மா எழுந்து நின்று கதைப்பார், அவர் போகுமட்டும் உட்காரமாட்டார்.

அடுத்த மாரி முடிந்து தோட்டம் திரும்பவும் காய்த்தபோது சின்னம்மாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நெடுங்கேணிப் பக்கத்தில் வயல் செய்கிற கமக்காரன், அமைதியான ஆள் என்றார்கள். பெண் பார்த்துப் போனவர்களில் மாப்பிள்ளையின் தமக்கை மட்டும், போகிற வழியில் பக்கத்துக் காணிக்குள் நுழைந்தார். அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் எவர் பெண் எடுப்பார்கள். அம்மா எங்கள் படலையில் நின்று அதைப் பார்த்தார். படலைக் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "நீ பொட்டாலை போய் மாமியிட்டைச் சுளகு வாங்கிக்கொண்டு வா," என்றார். சுளகு எங்களிடமே இருந்தது.

நான் போனபோது அந்தத் தமக்கை மாமியின் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பொம்பிளைக்கு நஞ்சு ஏறி விசராக் கதைச்சதெண்டு கேள்விப்பட்டம். நீங்கள்தானாம் கூட இருந்தனீங்கள். என்ன கதைச்சவ?"

மாமி வெற்றிலையை மடித்துக் கொடுத்தார். அவசரப்படவில்லை. "நினைவு தப்பினால்தானே ஆக்களின்ரை மனம் தெரியும். அந்தப் பிள்ளை தேவாரம் படிச்சது. லொறியிலை ஏத்தி ஆசுபத்திரி மட்டும் தேவாரம்தான். வேறை ஒரு வார்த்தை இல்லை."

நான் வாயைத் திறந்தேன். தேவாரம் படித்தது மாமி, சின்னம்மா இல்லை. மாமி என்னைப் பார்த்து, "சுளகோ, பிள்ளை? உள்ளை கிடக்கு, போய் எடு," என்றார். சத்தியமும் நினைவுக்கு வந்தது. பேசாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா அதே இடத்தில் நின்றார்.

"மாமிக்கு நல்ல ஞாபகமறதி, அம்மா," என்றேன். "தான் படிச்ச தேவாரத்தைச் சின்னம்மா படிச்சதெண்டு சொல்லுறா."

அம்மா என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவையும் கேட்டார். பிறகு என்னிடமிருந்து சுளகை வாங்கிக்கொண்டு நேரே கத்தரித் தோட்டத்துக்குள் போனார். வெயிலில் குனிந்து நின்று ஆயத் தொடங்கினார். முற்றிய காய்களை ஆய்ந்தார், பிறகு இளங்காய்களை, பிறகு பூ வாடாத பிஞ்சுகளையும் ஒன்று விடாமல் ஆய்ந்து போட்டார். விதைக்கென்று துணி கட்டி விட்டிருந்த பெரிய காயையும் அறுத்துப் போட்டார். சுளகு நிறைந்து வழிந்தது.

"ஏனம்மா பிஞ்சையும் ஆயுறியள்? எங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது," என்று கத்தினேன்.

அவர் சுளகை என் தலையில் தூக்கி வைத்து, பொட்டைக் காட்டினார். மாமிக்குக் கத்தரிக்காய் என்றால் அவ்வளவு விருப்பமாக்கும் என்று நினைத்துக்கொண்டு, கோபத்தோடு நான் சுமந்துகொண்டு போனேன்.